தெங்கின் நெய்யும் ஆட்டின் பெயரும்
(சருமப் பூச்சுகளின் உட்கூற்றுப் பட்டியல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

'எண்ணெய்' என்னும் தமிழ்ச்சொல் எள்ளின் நெய் என்பதிலிருந்து பிறந்தது. எள்ளை ஆட்டிப் பெற்ற நெய்க்கு வழங்கிய அப்பெயர், காலப்போக்கில் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. அதன் பின்னர், எள்ளின் நெய்யைத் தனித்துச் சுட்டுவதற்கு 'நல்லெண்ணெய்' என்னும் வேறொரு சொல் வேண்டியதாயிற்று. தேங்காயெண்ணெய் என்று கூறுபவன் தன்னை அறியாமலே எள்ளையும் சேர்த்தே கூறுகிறான். நிலத்தடியிலிருந்து வந்த மண்ணெண்ணெயிலுங்கூட எள் இருக்கின்றது. மேற்குலகில் இதே வரலாறு மற்றொரு மரத்தைப் பற்றி நிகழ்ந்தது. கிரேக்கரும் உரோமரும் ஒலிவ மரத்தின் பெயரிலிருந்தே எண்ணெய்க்குப் பெயரிட்டனர். ஆங்கிலத்தின் 'ஓயில்' அதன் வழிவந்தது. பாறையிலிருந்து பெறும் 'பெற்றோலியம்' என்பதும் சொற்பிறப்பின்படி பாறை ஒலிவநெய்யே. பொருள் மாறிய பின்னரும் பெயர் மாறாது நிற்றல் எண்ணெய்களின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுவதொன்றாகும்.

இவ்வியல்பை மிகத் தெளிவாகக் காட்டும் சாசனம் ஒன்று இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ளது. முகத்திற்கும் கைகால்களுக்கும் பூசும் களிம்புக் குப்பியின் பின்புறத்தில், பூதக்கண்ணாடி கொண்டு வாசிக்க வேண்டிய சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் உட்கூற்றுப் பட்டியலே அது. கல்வெட்டொன்றை வாசிப்பவன், அதன் எழுத்தை மட்டுமன்றி, அது பொறிக்கப்பட்ட காலத்து வழக்கையும் அறிந்திருத்தல் வேண்டும். இப்பட்டியலுக்கும் அது பொருந்தும்.

பட்டியலின் வயது அதிகமன்று. ஐக்கிய அமெரிக்காவில் அழகுசாதனப் பொருட்களின் உட்கூறுகளை உறையில் வெளிப்படுத்த வேண்டும் என்னும் விதி 1973 இல் வகுக்கப்பட்டு, அப்பத்தாண்டின் பிற்பகுதியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே 1973 இல் அந்நாட்டு உற்பத்தியாளர் சங்கம் உட்கூறுகளுக்குரிய ஒருமித்த பெயர்களைத் தொகுத்து அகராதியாக வெளியிட்டது. ஐரோப்பிய நாடுகளில் 1993 இல் இயற்றப்பட்ட கட்டளையின்படி 1997 முதல் பட்டியல் கட்டாயமாயிற்று. உட்கூறுகளை நிறையின் இறங்குவரிசையில் எழுதுதல் வேண்டும். நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்தவற்றை இறுதியில் விரும்பிய வரிசையில் எழுதலாம். தாவரப் பொருட்களுக்குப் பெரும்பாலும் இலத்தீன் இருசொற்பெயரும், இரசாயன முறையில் மாற்றப்பட்டவற்றுக்கு இரசாயனப் பெயரும் இடப்பட்டன. பின்வரும் சிக்கல்களெல்லாம் ஈண்டே தொடங்குகின்றன. மரத்திலிருந்து நேரே வந்த எண்ணெய் மரத்தின் பெயரோடு நிற்கும். ஆலையில் ஒருமுறை பிளக்கப்பட்டு மீண்டும் இணைக்கப்பட்டதாயின் மரத்தின் பெயரை இழந்துவிடும்.

அவ்விழப்பு நேர்ந்த விதத்தை அறிவதற்கு, இவ்வெண்ணெய்கள் தோலில் என்ன செய்கின்றன என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். மருத்துவ நூல்கள் இவற்றை 'எமோலியன்ட்' என்னும்; மென்மை என்று பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து வந்த அச்சொல்லை 'மென்மையாக்கி' எனலாம். எண்ணெய்தான் தோலை மென்மையாக்குகிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1952 இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் காய்ந்த தடித்த தோற்றுண்டுகளை எண்ணெயில் ஊறவைத்தபோது அவை விறைப்பாகவே இருந்தன. நீரை ஏற்ற பின்னரே இளகின. தோலின் மேற்படையை இளக்குவது நீரே. எண்ணெயோ அந்நீர் ஆவியாகாது காத்து, உலர்ந்து மேலெழுந்த செதில்களுக்கிடையிலான வெளியை நிரப்பி, தடவும் கைக்கு வழுவழுப்பைத் தருகின்றது. நன்றாக எண்ணெய் தேய்த்து ஊறிய பின் நீராடும் நம் முன்னோர் வழக்கில் எண்ணெயும் நீரும் ஒருங்கே இடம்பெற்றமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த மருத்துவர் கலென் பெயரால் வழங்கும் குளிர்களிம்பும் ஒலிவநெய், தேன்மெழுகு, நீர் ஆகியவற்றின் கூட்டே.

பழைய தமிழகத்தில் எண்ணெய் செக்கோடும் செக்காட்டுவோரோடும் சேர்த்தே அறியப்பட்டது. சோழர் கல்வெட்டுகளில் செக்குக்கு விதித்த 'செக்கிறை' என்னும் வரியும், எண்ணெய் வாணிகராகிய சங்கரப்பாடியாரும் குறிக்கப்படுகின்றனர். எந்த வித்து, எவர் ஆட்டியது என்பன வாங்குபவனுக்குத் தெரிந்திருந்தன. ஈழத்தின் வடபகுதியில் இலுப்பெண்ணெய் கோயில் விளக்குக்கும் உடற்பூச்சுக்கும் உரியதாயிருந்தது. அதன் பிண்ணாக்கோ எண்ணெய் போகத் தேய்த்து முழுகுவதற்கு உதவிற்று. இலுப்பைக்கடவை, இலுப்பைக்குளம் முதலாய ஊர்ப்பெயர்கள் அம்மரத்தின் பழம்பெருமைக்குச் சான்றாக நிற்கின்றன.

ஐரோப்பாவில் எண்ணெயின் தன்மையையே மாற்றி எண்ண வைத்தவர் மிசேல் இயூஜின் செவ்ரல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞராவார். 1786 இல் பிறந்து, நூற்றிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1889 இல் மறைந்தவர். 1811 அளவில் சவர்க்காரத்தை ஆராயத் தொடங்கிய அவர், கொழுப்பு ஒரு தனிப்பொருளன்று, பல அமிலங்கள் கிளிசரினோடு சேர்ந்த கூட்டு என்று நிறுவினார். விலங்குக் கொழுப்புகள் பற்றிய அவருடைய பெருநூல் 1823 இல் வெளிவந்தது. கிளிசரினை 1779 இலேயே சுவீடன் நாட்டு ஷேலே ஒலிவநெய்யிலிருந்து பிரித்து 'இனிப்புப் பொருள்' என்றார். கிரேக்கச் சொல்லால் கிளிசரின் எனப் பெயரிட்டவர் செவ்ரல்.

செவ்ரல் கையாண்டவை பெரும்பாலும் விலங்குக் கொழுப்புகள். ஆதலால் அவர் கண்ட அமிலங்கள் விலங்குகளை நினைவூட்டும் பெயர்களைப் பெற்றன. விலங்குக் கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஸ்டியரிக்' அமிலம் வந்தது. பாலின் நெய்யில் கண்ட அமிலமொன்றுக்கு, வெள்ளாட்டின் இலத்தீன் பெயராகிய 'கப்பிரா' என்பதைக்கொண்டு 'கப்பிரிக்' எனப் பெயரிட்டார். அதன் இனத்ததாகிய 'கப்பிரிலிக்' 1844 இல் சேர்ந்தது. திமிங்கிலத்தின் தலையிலிருந்து பெறும் வெண்மெழுகை 1810 களின் இறுதியில் பகுத்து அவர் கண்ட கொழுப்பு அற்ககோல், திமிங்கிலத்தின் இலத்தீன் பெயரால் பின்னர் 'சீற்றைல்' எனப்பட்டது. அவருக்குப் பின் வந்தோர் தாவரங்களை நாடினர். 1840 இல் பிரேமி பனைவகை எண்ணெயிலிருந்து 'பாமிற்றிக்' அமிலத்தையும், 1841 இல் பிளேபெயர் சாதிக்காயிலிருந்து 'மிரிஸ்டிக்' அமிலத்தையும், 1842 இல் மார்சன் மத்தியதரைக்கடற் பகுதியின் லோறல் மரத்து வித்திலிருந்து 'லோரிக்' அமிலத்தையும் பிரித்துப் பெயரிட்டனர்.

இப்பெயர்களை வைத்துக்கொண்டு தேங்காயெண்ணெயை நோக்கினால் ஒரு வியப்புத் தோன்றும். அதன் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி லோரிக். ஐந்தில் ஒரு பங்கை அண்மித்தது மிரிஸ்டிக். கப்பிரிலிக்கும் கப்பிரிக்கும் சேர்ந்து நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை. லோறல் மரமும் சாதிக்காயும் வெள்ளாடும் தத்தம் பெயரைத் தேங்காய்க்குள் பதித்துவிட்டன. தேங்காயின் பெயரால் அவ்வமிலங்களில் ஒன்றுகூட அழைக்கப்படவில்லை. இரசாயனத்தின் பெயரிடும் காலத்தில் ஐரோப்பிய ஆய்வுகூடத்தின் மேசைமீது முதலில் வைக்கப்பட்டது எதுவோ, அதற்கே பெயருரிமை கிடைத்தது. உலகில் லோரிக் அமிலத்தை மிகுதியாகத் தரும் மரம் எது என்பது அன்று எழாத வினா.

ஆனால் அதே காலத்தில்தான் இலங்கையின் தேங்காயெண்ணெய் பெருமளவில் இலண்டனை அடையத் தொடங்கியது. 1830 இல் வில்சன் என்பாரும் அவருடைய பங்காளரும் தொடங்கி, 'பிறைஸ்' என்னும் பெயரால் புகழ்பெற்ற மெழுகுதிரி நிறுவனத்தின் தொடக்கமே தேங்காயெண்ணெயை அழுத்தித் திண்மப்பகுதியையும் திரவப்பகுதியையும் பிரிக்கும் உரிமப்பத்திரம் ஒன்றில்தான் தங்கியிருந்தது. அந்நிறுவனம் இலங்கையில் தென்னந்தோட்டத்திலும் முதலிட்டது. 1840 இல் விக்டோரியா மகாராணியின் திருமணத்தையொட்டி இலண்டன் வீடுகள் ஒளியூட்டப்பட்டபோது அது விற்ற புதுவகைத் திரியில் செவ்ரல் கண்ட ஸ்டியரிக் அமிலமும் தேங்காயின் திண்மக்கொழுப்பும் கலந்திருந்தன. அப்பத்தாண்டிலேயே யாழ்ப்பாணக் குடாநாட்டின் பச்சிலைப்பள்ளிப் பகுதியில் ஐரோப்பியரின் தென்னந்தோட்டங்கள் தோன்றின. விளக்குக்கும் மெழுகுதிரிக்கும் அடுத்து சவர்க்காரம் வந்தது. கடல்நீரிலும் நுரைக்கும் சவர்க்காரத்தைத் தேங்காயெண்ணெயே தரவல்லது என்பதால் மாலுமிகள் அதனை விரும்பினர். 1884 இல் தோன்றிய 'சன்லைற்' சவர்க்காரத்தின் லீவர் நிறுவனம் விலங்குக் கொழுப்பைக் குறைத்துத் தாவர நெய்களைப் பெரிதும் நாடியது. 1938 இல் கொழும்பிலும் தொழிற்சாலை நிறுவியது.

எனினும் தோலில் பூசும் களிம்பினுள் தாவர நெய்கள் இக்காலத்தில் முன்னேறவில்லை, பின்வாங்கின. அதற்குக் காரணம் சிக்கல் அடிப்பதே. தாவர நெய்களிலுள்ள இரட்டைப் பிணைப்புகளை வளியின் ஒட்சிசன் தாக்க, நாளடைவில் அவை கெட்டு நாறும். வீட்டில் வேண்டும்போது கூட்டிப் பூசும் களிம்புக்கு அது பெருங்குறையன்று. கடைத்தட்டில் மாதக்கணக்கில் இருக்க வேண்டிய சரக்குக்கோ அதுவே நஞ்சாகும். 1872 இல் செசுபுரோ என்னும் அமெரிக்கர் உரிமப்பத்திரம் பெற்ற 'வசலின்' கெடாதது, மணமற்றது, மலிவானது. திரவப் பரபீனும் அதனோடு சேர்ந்துகொண்டது. 1911 இல் யேர்மனியில் வெளிவந்த 'நிவியா' முதலாய களிம்புகளில் கனிய எண்ணெய்களே மேலோங்கின. 'மண்ணெண்ணெய்' என்னும் சொல்லில் எள் ஒளிந்திருப்பதற்கு மாறாக, இங்கே எள்ளும் ஒலிவமும் இருந்த இடத்தில் மண்ணின் நெய் வந்தமர்ந்தது.

தாவர நெய்கள் மீண்டு வந்தமைக்கு இரு வழிகள் உண்டு. முதலாவது வழி ஆலையினூடாகச் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்மன் என்னும் யேர்மானியர் திரவ எண்ணெய்களுக்கு ஐதரசனேற்றித் திண்மமாக்கும் முறையைக் கண்டார். 1930 அளவில் உயர் அமுக்கத்தில் கொழுப்புகளை அற்ககோல்களாக மாற்றும் முறையும் கைவந்தது. அதன்பின் சீற்றைல் அற்ககோலுக்குத் திமிங்கிலம் வேண்டியதில்லை; முள்ளுப்பனையாகிய ஒயில்பாம் மரமே போதுமாயிற்று. வணிக நோக்கிலான திமிங்கில வேட்டையை நிறுத்துவதென 1982 இல் சர்வதேச உடன்பாடு ஏற்பட முன்னரே அம்மாற்றம் பெரிதும் நிகழ்ந்துவிட்டது. ஆயினும் பட்டியலில் இன்றும் 'சீற்றைல்' என்றே எழுதப்படுகின்றது. மரக்கறி உண்போருக்கென விற்கப்படும் களிம்பிலும் திமிங்கிலத்தின் பெயரும் விலங்குக் கொழுப்பின் பெயரும் இணைந்த 'சீற்றியரைல் அற்ககோல்' இருக்கும். அதனைக் கண்டு அஞ்சுவதற்கு எதுவுமில்லை.

தேங்காய்க்கு நேர்ந்தது இதனினும் நுட்பமானது. சவர்க்காரக் கைத்தொழிலுக்காக லோரிக் அமிலத்தைப் பிரிக்கும்போது, எட்டும் பத்துமாகக் காபன் அணுக்களைக் கொண்ட சிறிய அமிலங்கள் எஞ்சின. அவற்றைக் கிளிசரினோடு மீண்டும் இணைத்தபோது, நிறமும் மணமுமற்ற, எளிதிற் சிக்கல் அடிக்காத, தோலில் பிசுபிசுக்காத மெல்லிய எண்ணெய் கிடைத்தது. 1950 களில் கொழுப்பைச் செரிக்கமாட்டாத நோயாளருக்கு உணவாகப் பயன்பட்ட இது, பின்னர் களிம்புத் தொழிலின் உழைப்பாளியாயிற்று. 'கப்பிரிலிக்-கப்பிரிக் ட்ரைகிளிசரைட்டு' என்பது அதன் பட்டியற் பெயர். முன்புறத்தில் தேங்காய்ப்படம் வரைந்த ஒரு குப்பியை எடுத்துக்கொள்வோமாயின், அதன் பட்டியலில் 'கோக்கஸ் நூசிபெரா எண்ணெய்' என்பது பெரும்பாலும் கடைசி வரிகளில், நூற்றுக்கு ஒன்றெனும் எல்லையை அண்டிக் காணப்படும். படத்துக்கு நியாயம் கற்பிப்பதற்காகச் சேர்க்கப்பட்ட துளியே அது. அதே பட்டியலில் நீருக்கு அடுத்த இரண்டாம் இடத்தில், ஆட்டின் பெயரை அணிந்து நிற்பதுதான் களிம்பின் உண்மையான நெய். அது தேங்காயினதாகவும் இருக்கலாம். ஒயில்பாம் மரத்தின் பருப்பினதாகவும் இருக்கலாம். இரண்டிலும் அதே அமிலங்கள் உள்ளமையால் பெயர் அதனைச் சொல்லாது. குருநாகலிலோ புத்தளத்திலோ தேங்காய் உரிப்பவனின் உழைப்பு அக்குப்பிக்குள் இருக்கின்றதா என்பதை வாங்குபவன் அறிய வழியில்லை. விற்ற பின் அவனும் அறிய வழியில்லை.

மீட்சியின் இரண்டாவது வழி ஆய்வினூடாகவும் விருப்பினூடாகவும் வந்தது. 1929 இல் ஜோர்ஜ் பேர், மில்றெட் பேர் தம்பதியர் கொழுப்பே அற்ற உணவு கொடுத்து வளர்த்த எலிகளின் தோல் செதிலாகி, நீரை இழந்தமையைக் கண்டனர். லினோலெயிக் அமிலம் உடலுக்கு இன்றியமையாதது என்பது அதனால் துலங்கிற்று. வசலினால் நீரைத் தடுக்க இயலும். லினோலெயிக் அமிலத்தைத் தர இயலாது. அவ்வகையில் சில தாவர நெய்கள் தோலின் கட்டமைப்பிலேயே பங்குகொள்கின்றன. ஆனால் 'சில' என்பதே ஈண்டு முக்கியமான சொல். 2002 இல் வெளியான ஆய்வொன்றில் சூரியகாந்தி எண்ணெய் எலியின் தோல் விரைந்து சீரடைய உதவ, கடுகெண்ணெயும் ஒலிவநெய்யும் அதனைத் தாமதப்படுத்தின. 2005 இல் டாக்காவின் மருத்துவமனையொன்றில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது தொற்றுகள் குறைந்தமை பதிவாயிற்று. வங்காளத்தில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குப் பூசப்பட்டது கடுகெண்ணெய் என்பதை எண்ணினால், மரபு என்பதற்காகவோ இயற்கை என்பதற்காகவோ ஓர் எண்ணெயைத் தகுதியுடையதெனக் கொள்ளவியலாது என்பது பெறப்படும். எண்ணெயின் தகுதி அதன் அமிலங்களில் உள்ளது. பட்டியலோ அமிலத்தைச் சொல்வதில்லை.

மரத்தின் பெயரையே சொல்லும் வரிகளிலும் வரலாற்றுத் தவறுகள் உறைந்து கிடக்கின்றன. வட அமெரிக்கப் பாலைநிலத்துச் செடியாகிய ஹொஹோபா பட்டியலில் 'சிமொண்ட்சியா சைனென்சிஸ்' எனப்படும். அது சீனாவில் விளைந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலிருந்து வந்த மாதிரியின் குறிப்புச்சீட்டை லிங்க் என்னும் தாவரவியலாளர் பிழையாக வாசித்துச் சீனம் என்று கொண்டமையே காரணம் என்பர். ஆபிரிக்காவின் ஷியா நெய்க்கு 'பியூட்டிரோஸ்பேர்மம் பார்க்கியை' என்பது பட்டியற் பெயர். 1796 அளவில் நைகர் ஆற்றுப்பகுதியில் அம்மரத்தைக் கண்டெழுதிய பயணி மங்கோ பார்க்கின் நினைவாக அமைந்தது. தாவரவியலார் அப்பெயரைக் கைவிட்டு 'வித்தெலாரியா பரடோக்சா' என வழங்கிய பின்னரும் பட்டியல் மாறவில்லை. ஷியா மரமும் நமது இலுப்பையும் ஒரே குடும்பத்தவை. ஒரு காலத்தில் இரண்டும் 'பாசியா' என்னும் ஒரே பேரினத்தில் அடக்கப்பட்டிருந்தன. இன்று அந்நிய நாட்டு ஷியா நெய்யைப் பெருவிலை கொடுத்துப் பூசுவோர், அதன் உடன்பிறப்பு இலுப்பைக்கடவையில் தன் பெயரை மட்டும் ஊருக்கு விட்டுச்சென்றிருப்பதை அறியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் சந்தையில் தேங்காயெண்ணெய் மூன்று தரங்களாக விலைகூறப்பட்டது. மலையாளக் கரையில் தூய பருப்பிலிருந்து கவனமாகப் பிழிந்த வெண்ணிற எண்ணெய் 'கொச்சின்'. அதற்கடுத்த தரம் 'சிலோன்'. கப்பலேற்றி வந்த கொப்பறாவை ஐரோப்பிய ஆலைகளில் பிழிந்தது 'கொப்பறா எண்ணெய்'. முதலிரண்டிலும் நிலத்தின் பெயர் இருந்தது. காரத்தால் அமிலம் நீக்கி, களிமண்ணால் வெளுத்து, நீராவியால் மணம் போக்கும் சுத்திகரிப்பு முறைகள் பரவிய பின், எந்நாட்டுக் கொப்பறாவிலிருந்தும் வெண்ணெய் போன்ற வெள்ளெண்ணெய் எடுக்க முடிந்தது. கொச்சி என்பது ஊரைக் குறிக்காது தரத்தைக் குறிக்கும் சொல்லாகி, 'கொச்சின் வகை' என வேறு நாட்டு எண்ணெயும் விற்கப்பட்டது. 'சிலோன் எண்ணெய்' விலைப்பட்டியலிலிருந்து மறைந்தது. இன்று செக்கில் ஆட்டி மணம் மாறாது வடித்த எண்ணெயும், வெளுத்து மணம் போக்கிய ஆலை எண்ணெயும் களிம்புக் குப்பியின் பின்புறத்தில் ஒரே எழுத்தில், 1753 இல் லின்னேயசு இட்ட அதே இரு சொற்களால் குறிக்கப்படுகின்றன.